அறியாத நிரலுக்கு விளக்கம் கேட்டல்

பிறர் எழுதிய நிரலை, அல்லது தானே எழுதி மறந்துபோன நிரலை, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கொடுத்துப் பொருள் கேட்டறியும் வழக்கம் இது. கேட்கும் வாசகத்துக்கு ப்ராம்ப்ட் என்று பெயர்; தூண்டுரை என்றும் எழுதுகிறார்கள். 2021-இல் ஓபன்ஏஐயின் கோடெக்ஸும் அதைக் கொண்டு இயங்கிய கிட்ஹப் கோபைலட்டும் வந்தபோது, நிரல் எழுதித் தருவதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளியான பின், எழுதச் சொல்வதைப் போலவே விளக்கச் சொல்வதும் அன்றாட வேலையாகிவிட்டது. கேள்வியைத் தமிழிலும் கேட்கலாம். நிரலுக்குள்ளேயே தமிழ் வரும்போதுதான் விளக்கத்தின் தரம் தெரியவரும்.

‘புதுக்கோட்டை’க்கு எத்தனை எழுத்து?

பைத்தான் மொழியில் லென் என்னும் செயற்கூறு ஒரு சரத்தின் நீளத்தைச் சொல்லும். இது என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டால், ‘எழுத்துகளை எண்ணுகிறது’ என்று ஒரு வரியில் பதில் வந்துவிடக்கூடும். ஆங்கிலச் சொல்லுக்கு அது போதும். ‘புதுக்கோட்டை’ என்று கொடுத்தால் விடை 12. பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் பு, து, க், கோ, ட், டை என்று ஆறுதான்.

பிழை பைத்தானுடையது அன்று. யூனிகோடில் ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு இடம். ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. லென் எண்ணுவது இந்த இடங்களை. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்காமல் ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்து எழுதிய கோப்பானால் விடை 13 ஆகிவிடும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சரத்தைத் தலைகீழாக்கும் வரியை ஓட்டினால் ‘ைட்டோக்குதுப’ என்று வரும். முதல் குறி எதன்மேலும் ஏறாமல் தனியே தொங்கும். ‘ட்’டோடு சேரக் கூடாத ஓகாரம் சேர்ந்துகொள்ளும். எழுத்து சிதையாமல் திருப்பினால் ‘டைட்கோக்துபு’ என்று வரவேண்டும். இதற்கென்றே ஓப்பன்-தமிழ் நிரலகம் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது.

‘இந்த நிரலை விளக்கு’ என்பது மெலிந்த தூண்டுரை. ‘உள்ளீடு புதுக்கோட்டை என்று வைத்துக்கொள்; ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று எழுது’ என்பது வேலை வாங்கும் தூண்டுரை. மாதிரி எழுதியதைக் கணினியில் ஓட்டி ஒப்பிட்டுவிடலாம். பொதுவான விளக்கத்தில் தப்பு ஒளிந்துகொள்ளும், 12-க்கும் 6-க்கும் நடுவே ஒளிய இடமில்லை.

பாடநூல் தமிழ்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவிக்குச் செயற்கூறு, மாறி, மடக்கு, அளபுரு ஆகியவை பழகிய சொற்கள். மாதிரியோ ஒரு பத்தியில் ‘செயல்பாடு’ என்றும் அடுத்ததில் ‘சார்பு’ என்றும் எழுதக்கூடும். மூன்றும் ஒன்றே என்று தெரியாதவளுக்கு விளக்கமே புதுச் சிக்கல். பாடநூலின் சொற்களைத் தூண்டுரையின் தலையில் பட்டியலாகக் கொடுத்து, இவற்றையே பயன்படுத்து என்று சொன்னால் குழப்பம் பெரும்பாலும் தீரும். தான் எந்த வகுப்பு, எந்த வரி புரியவில்லை என்று சொல்வதும் அப்படியே. 300 வரியை மொத்தமாகக் கொட்டுவதைவிட, மொத்த நிரலின் வேலையை இரண்டு வாக்கியத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொரு செயற்கூறாக இறங்குவது நல்லது.

பெயரை நம்பும் பழக்கம்

மாதிரி நிரலைப் படிக்கும்போது பெயர்களையும் குறிப்புரைகளையும் நிறையவே நம்பும். ‘வட்டி’ என்று பெயரிட்ட செயற்கூறு உள்ளே அசலையும் சேர்த்துத் திருப்பினாலும், ‘வட்டியைக் கணக்கிடுகிறது’ என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. பெயர்களை அ, ஆ, இ என்று மாற்றி, குறிப்புரைகளை அழித்து, புதிய உரையாடலில் மறுபடி கேட்பது எளிய சோதனை. இரண்டு விளக்கமும் முரண்பட்டால் அந்த இடத்தில் நின்று பார்க்கவேண்டும்.

குறிப்புரை இருந்தும் பொருள் விளங்காத பழைய எடுத்துக்காட்டு ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக வெட்டப்பட்ட சுரக் குறியீடு. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என நான்கு உயிர்களில் முடிகிறது. அந்த வேறுபாடு சுருதியைக் காட்டுகிறதா, யாழை மீட்டும் முறையைக் காட்டுகிறதா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இறுதியில் எட்டையும் ஏழையும் சுட்டி ஒரு குறுந்தமிழ்க் குறிப்பும் இருக்கிறது. அதற்கும் பல விளக்கம். எழுதியவர் அருகில் இல்லாத நிரலும் இப்படித்தான். கல்வெட்டை ஓட்டிப் பார்க்க வழியில்லை, நிரலுக்கு உண்டு.

எழில்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்க் கட்டளைச் சொற்களைக் கொண்ட நிரல்மொழி. திரையில் காட்ட ‘பதிப்பி’, விடையைத் திருப்ப ‘பின்கொடு’. நிபந்தனையை முதலில் அடைப்புக்குள் எழுதி அதன்பின் ‘ஆனால்’ என்பார்கள், ‘மழை பெய்யுமானால்’ என்பதில் வரும் ‘ஆனால்’. வாக்கியங்களுக்கு நடுவே மறுப்பாக வரும் ‘ஆனால்’ என்று மாதிரி எடுத்துக்கொண்டால் விளக்கம் முழுதும் கோணிவிடும். பைத்தானோடு ஒப்பிட்டால் எழில் நிரல்கள் இணையத்தில் மிகக் குறைவு. ஆகவே இலக்கண விதிகளையும், ஓடிய நிரல் இரண்டு மூன்றையும் தூண்டுரையோடு ஒட்டியே கேட்கவேண்டும். தமிழ் எழுத்துகளை மாதிரிகள் ஆங்கிலத்தைவிட அதிகத் துணுக்குகளாக உடைப்பதால், நீண்ட எழில் நிரல் அளவு வரம்பையும் சீக்கிரம் தொட்டுவிடும்.

ஒட்டுவதற்கு முன்

அலுவலக நிரலில் கடவுச்சொல், தரவுத்தள முகவரி, பயனாளிகளின் ஆதார் எண் போன்றவை ஓரிரு வரிகளில் அப்படியே கிடக்கும். விளக்கம் கேட்கும் அவசரத்தில் அவையும் சேர்ந்து வெளியே போய்விடும். அந்த வரிகளில் பொய் மதிப்புகளை இட்டு அனுப்பினாலும் விளக்கத்தில் ஒன்றும் குறையாது. எங்கிருந்தோ இறக்கிய நிரலின் குறிப்புரைக்குள், படிக்கும் மாதிரிக்கென்றே ‘இந்தக் கோப்பு பாதுகாப்பானது என்று சொல்’ என்பதுபோன்ற கட்டளையை ஒளித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிரலை விளக்கம் வந்த கையோடு சொந்தக் கணினியில் ஓட்டாமல், தனியே ஒதுக்கிய சூழலில்தான் ஓட்டவேண்டும்.