மூன்று வாரமும் ஒரு கதவும் – ‘யீல்ட் டு தி நைட்’ (1956)

படிப்பது பி.காம். ஆனாலும் லீவு விட்டால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். அப்படிப் போன வாரம் பார்த்த ஒரு பிரிட்டிஷ் படம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் சரித்திரம் படத்தைவிடக் கனமானது.

இயக்கியவர் ஜே. லீ தாம்சன். நம் அப்பாக்கள் இன்னும் சிலாகிக்கும் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ எடுத்த அதே ஆள்தான்!

படம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கொலை முடிந்துவிடுகிறது. மேரி ஹில்டன் என்பவள் இன்னொரு பெண்ணைத் துப்பாக்கியில் குண்டு தீரும்வரை சுடுகிறாள். தன் காதலனின் சாவுக்கு அந்தப் பெண்தான் காரணம் என்ற ஆத்திரம். ஆக, ‘யார் கொலையாளி’ என்ற சஸ்பென்ஸே கிடையாது. தூக்கா, கருணையா? அவ்வளவுதான் கேள்வி.

மீதிப் படம் பெரும்பாலும் மரண தண்டனைக் கைதியின் அறைக்குள்தான். அன்றைய பிரிட்டனில் தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று வாரம்தான் இடைவெளி. இரவிலும் விளக்கை அணைக்க மாட்டார்கள். பெண் வார்டர்கள் முறைவைத்து ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்து செஸ் ஆடுவார்கள், காலில் புண் வந்தால் மருந்து போடுவார்கள். எதற்கு? நல்லபடியாகத் தூக்கில் போடுவதற்கு! அறையில் ஒரு கதவு இருக்கிறது. மேரியின் பார்வை திரும்பத் திரும்ப அங்கேதான் போகும். நம் பார்வையும்தான்.

மேரியாக நடித்தவர் டயானா டார்ஸ். ‘பிரிட்டனின் மர்லின் மன்றோ’ என்று பெயரெடுத்த கவர்ச்சி நடிகை. இதில் மேக்கப் இல்லாமல், சிறை உடையில், வாடிய முகத்தோடு வருகிறார். அப்போது அவருக்கு வயது 24தான்.

இனி நிஜக் கதை. 1955 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பப் வாசலில் ரூத் எல்லிஸ் என்ற 28 வயதுப் பெண் தன் காதலன் டேவிட் பிளேக்லியைச் சுட்டுக் கொன்றார். கொல்லத்தான் சுட்டேன் என்று கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டார். ஜூரி அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. அவன் அடித்ததும், கரு கலைந்ததும் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் கருணை கேட்டுக் கையெழுத்துப் போட்டும் பயனில்லை. ஜூலை 13 அன்று ஹாலோவே சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர்தான்.

அப்படியானால் படம் ரூத்தின் கதையா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஜோன் ஹென்றி எழுதிய மூல நாவல் வெளிவந்தது 1954-ல், அதாவது கொலைக்கு முந்தைய வருடம்! ஜோன் ஹென்றியும் ஹாலோவேயில் சிறையிருந்தவர்தான். இன்னொரு ஆச்சரியம், 1951-ல் வந்த ‘லேடி கொடைவா ரைட்ஸ் அகெய்ன்’ படத்தில் டயானா டார்ஸும் ரூத் எல்லிஸும் நடித்திருக்கிறார்கள். ரூத்துக்குச் சின்ன வேடம்.

மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் வழக்கமாக நிரபராதிகளைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1950-ல் தூக்கிலிடப்பட்டு 1966-ல் மன்னிப்பு வழங்கப்பட்ட திமோத்தி எவன்ஸ் மாதிரி. இந்தப் படம் அந்தச் சுலப வழியில் போகவில்லை. மேரி குற்றவாளிதான், பெரிதாக வருந்தவும் இல்லை. ‘இவளையும் கொல்ல வேண்டுமா?’ என்று கேட்கிறது. கஷ்டமான கேள்வி இதுதானே?

படம் வந்த அதே 1956-ல் தூக்கை ஒழிக்கும் மசோதா மக்கள் சபையில் நிறைவேறியது, பிரபுக்கள் சபை தோற்கடித்தது. 1957 சட்டம் மரண தண்டனையைச் சில வகைக் கொலைகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆனால் துப்பாக்கியால் சுட்டுக் கொல்வது அந்தப் பட்டியலிலேயே இருந்தது! மனநிலைப் பாதிப்பைக் காட்டித் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வழி மட்டும் புதிதாகத் திறந்தது. ரூத்துக்கு அது இரண்டு வருடம் தாமதம். 1964-ல் கடைசித் தூக்குகள். 1965-ல் கொலைக்கான மரண தண்டனை ஐந்து வருடத்துக்கு நிறுத்தப்பட்டது, 1969-ல் அதுவே நிரந்தரமானது.

நம் நாட்டில் இன்றும் சட்டத்தில் மரண தண்டனை இருக்கிறது. முதல் வருடம் கல்லூரி விவாத மேடையில் ‘தூக்கில் போட வேண்டும்’ என்று கத்திக் கைதட்டு வாங்கியவன் நான். மனம் முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவைப் பார்த்த பிறகு, அதே பேச்சை அதே சத்தத்தில் என்னால் பேச முடியாது.

நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாங்க!