குரங்கணிக்கு வந்த ஹெலிகாப்டர்

கம்பம் பள்ளத்தாக்குல நெல்லுக்கு மருந்தடிக்க இப்ப ட்ரோன் வந்துருச்சு. அது பயிருக்கு மேல ரெண்டு மூணு மீட்டர்லதான் போகும். கல்யாணம், திருவிழான்னு படம் பிடிக்க விடுறதுதான் உசரப் போறது. ‘நம்ம பக்கம் ஏர்போர்ட்டே இல்லையே, எதுல போயி மோதப் போகுது?’ம்பாங்க.

2018 மார்ச் 11-ஐ நினைச்சுப் பாருங்க. குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க சிக்கினப்ப, மீட்க வந்தது விமானப்படை ஹெலிகாப்டர்கள். அப்படியும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போது பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடத் தடை இருந்தது. 2014 அக்டோபரில் டிஜிசிஏ போட்ட தடை அது. 2021 ஆகஸ்டில் புது விதி வந்து, பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை என்றானது. விவசாயிக்கு நல்லதுதான். ஆனா மலைச்சரிவுல ஆளைத் தூக்க வர்ற ஹெலிகாப்டரும் அந்த உசரத்துக்கு இறங்கித்தானே ஆகணும்?

2025 ஜனவரி 9, லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீ. தண்ணியை மொண்டு ஊத்திக்கிட்டிருந்த கனடா விமானத்தோட இறக்கையில ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டுருச்சு. தீ எரிஞ்சுக்கிட்டிருக்க, விமானம் சில நாள் தரையிலேயே நின்னுச்சு. மோதின ட்ரோன் எடை 250 கிராம்கூட இல்லை. நம்ம நாட்டு விதிப்படி அந்த எடைக்கு லைசென்ஸே வேண்டாம்.