சைக்கிளை விற்ற அறிவொளி இயக்கம்

விளம்பரம் என்றாலே அது கம்பெனிகளின் வேலை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு நல்ல விளம்பரம் செய்து கொடுத்தது ஓர் எழுத்தறிவு இயக்கம்!

1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் அதன் ஆலை அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் ஊரெங்கும் ஓடின. ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கிராமத்துப் பெண் சைக்கிளில் ஏறினால் கேலிதான்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பாடமாக்கினார். பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். பயிற்சி முகாம், பேரணி, போட்டி, பாட்டு என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் நடந்தது.

விளைவு? லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு! பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும் பஸ்ஸுக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை.

2001-ல் தமிழக அரசு பிளஸ் ஒன் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

இன்று பெண் முன்னேற்றத்தைக் காட்டிப் பொருள் விற்கும் விளம்பரங்கள் ஏராளம். புதுக்கோட்டையில் வரிசையே வேறு. முதலில் பெண்ணின் தேவை, அடுத்து பயிற்சி, கடன். விற்பனை கடைசியில் தானாக வந்தது. சமூக நலன் பேசும் பிராண்டுகள் யோசிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.