டெக்சாஸ் விமான நிலையச் சோதனைச் சட்டமுன்வடிவு (2011)

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின், அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் பொறுப்பைக் கூட்டாட்சி அரசு ஏற்றது. இதற்கெனப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் அதே ஆண்டு நவம்பரில் உருவாக்கப்பட்டது. 2010 இறுதியில் உடலைத் தொட்டுச் சோதிக்கும் முறை கடுமையாக்கப்பட்டபோது, பயணிகளிடையே எதிர்ப்பு எழுந்தது.

2011 மே மாதம், தகுந்த காரணமின்றிப் பயணியின் அந்தரங்க உறுப்புகளைத் தொடும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டமுன்வடிவை டெக்சாஸ் கீழவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. டேவிட் சிம்ப்சன் என்னும் உறுப்பினர் இதைக் கொண்டுவந்தார். நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை ஆதரவாளர்கள் சுட்டினர். கூட்டாட்சிச் சட்டமே மேலானது என்னும் ஆறாம் உறுப்பைக் கூட்டாட்சி அரசு முன்வைத்தது.

மே 24 அன்று கூட்டாட்சி அரசு வழக்குரைஞர் ஜான் மர்பி எழுதிய கடிதம், பயணிகளின் பாதுகாப்பை உறுதிசெய்ய இயலாத நிலையில் விமானங்களை ரத்துசெய்ய நேரிடலாம் என எச்சரித்தது. மேலவையில் முன்வடிவு திரும்பப் பெறப்பட்டது. மாநில ஆளுநர் ரிக் பெர்ரி ஜூன் மாதச் சிறப்புக் கூட்டத்தொடரில் அதை மீண்டும் சேர்த்தார். கடுமை குறைக்கப்பட்ட பின்னரும், இரு அவைகளின் இறுதி ஒப்புதலைப் பெறாமலே அது காலாவதியானது.

முன்வடிவு சட்டமாகாததால் நீதிமன்றம் அதை ஆராயும் தேவை எழவில்லை. கூட்டாட்சி அலுவலரை அவரது பணிக்காக மாநிலம் தண்டிக்கலாமா என்னும் கேள்விக்கு இங்கே தீர்ப்பு கிடைக்கவில்லை. சட்டம் இயற்றும் அவை மாநிலத்திடம் இருந்தது. விமானத்தை நிறுத்தும் அதிகாரம் கூட்டாட்சி அரசிடம் இருந்தது. அதுவே முடிவைத் தீர்மானித்தது.