மிதிவண்டிச் சட்டகம், நெடுந்தூர ஓட்டங்களில்

சக்கரம், இருக்கை, கைப்பிடி, மிதி எல்லாவற்றையும் தாங்கும் குழாய்க் கூடு, பேச்சுவழக்கில் பிரேம். 200 கி.மீ.க்குக் குறையாத தூரத்தைக் கெடு நேரத்துக்குள் முடிக்கும் ஓட்டங்களில் பிரேம் தாங்குமா என்பதைத் தூரத்தைக் காட்டிலும் சாலையே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்குச் சென்னை–புதுச்சேரி வழிகள் இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஒன்று, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மற்றது, திண்டிவனத்தில் திரும்பி, விழுப்புரம் மாவட்டத்துக் கிளியனூர் வழியாகப் புதுவை சேரும் தேசிய நெடுஞ்சாலை 32. இரண்டுக்கும் நடுவே கழுவேலி என்ற சதுப்பு ஏரி.

பிரான்சில், 1891 முதல் 1922 வரை

பதிவுகள் நிறைந்து கிடப்பது இந்த முப்பது ஆண்டுகளுக்குத்தான். 1891 செப்டம்பரில், பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,200 கி.மீ. ஓட்டத்தைப் பத்திரிகையாளர் பியேர் ஜிஃபார் தொடங்கிவைத்தார். புறப்பட்டவர்கள் 207 பேர். ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். உணவையும் உடையையும் அவரவரே சுமக்க வேண்டும், புறப்பட்ட வண்டியிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி. முதலில் வந்த சார்ல் தெரோனுக்கு 71 மணி 22 நிமிடம் பிடித்தது. அவருடையது மிஷ்லேன் நிறுவனத்தின் காற்றடைத்த டயர். கெட்டி ரப்பர் டயரில் வந்தவர்கள் பஞ்சருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சாலையின் ஒவ்வோர் அடியும் நேராகப் பிரேமுக்கும் முதுகுக்கும் போயிற்று. 1901-இல் மொரீஸ் காரன் அதே வழியை 52 மணி 11 நிமிடத்தில் முடித்தார்.

1903-இல் தொடங்கிய தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் அந்நாளில் விதி இதைவிடக் கடுமையாக இருந்தது. வண்டி உடைந்தால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். பிறர் கை படக் கூடாது. இந்த விதியோடு சேர்த்து என்றும் பேசப்படும் பெயர் எழேன் கிறிஸ்தோஃப். 1913-இல் பயோன்–லூஷோன் கட்டத்தில், தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய வண்டியின் போர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, முறிந்தது. ஒரு மோட்டார் வண்டி இடித்தது என்பது ஒரு கூற்று. கரடுமுரடான மலைப்பாதையில் தானாகவே ஒடிந்தது என்பது மற்றொன்று. வண்டியைத் தோளில் சுமந்து அவர் நடந்த தூரத்தைச் சிலர் 10 கி.மீ. என்றும், சிலர் 14 கி.மீ. என்றும் எழுதுகிறார்கள். சேன்த்-மரி-த-காம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையில், பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் போர்க்கை ஒட்டினார். இளமையில் பூட்டுத் தொழில் பழகியவர் என்பதால் கை வந்தது. துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அந்த உதவிக்கும் தண்டனை உண்டு: முதலில் 10 நிமிடம் என்றும் பிறகு 3 நிமிடமாகக் குறைந்தது என்றும் சொல்வது வழக்கம். இழந்த நேரம் மூன்று மணிக்கு மேல். போர்க் உடைந்த செய்தி வண்டி செய்த நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் தரும் என்று அவர் அப்போது வாய் திறக்கவில்லை என்றும் ஒரு செய்தி உண்டு.

மஞ்சள் சட்டையை முதன்முதலில் அணிந்தவரான அவருக்கு, 1919-இல் வடக்கு பிரான்சின் கல் பாவிய சாலையில் மறுபடியும் போர்க் ஒடிந்தது. 1922-இல் காலிபியே கணவாயில் மூன்றாம் முறை. மூன்றிலும் உடைந்தது போர்க்தான், பிரேமின் முக்கோணம் அன்று. முன் சக்கரம் வாங்கும் அடியெல்லாம் போர்க்கின் கழுத்தில் குவிவதே இதற்குக் காரணம். 2006-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கல் சாலையில் ஜார்ஜ் ஹின்காபி விழுந்ததும் போர்க்கின் அலுமினியத் தண்டு ஒடிந்ததால்தான்.

கிறிஸ்தோஃபின் காலத்துக்குப் பிறகான முக்கிய மாற்றம் உலோகத்தில் வந்தது: 1935-இல் ரெனால்ட்ஸ் 531 என்ற மாங்கனீசு–மாலிப்டினம் எஃகுக் குழாய்.

இந்தியாவில்

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பாசோலா, ரஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் 1928-இல் திரும்பினர். ஓட்டிய தூரம் ஏறக்குறைய 71,000 கி.மீ.

1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1928 முதல் இதே பிரிட்டிஷ் குழுமத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் அம்பத்தூரிலிருந்து ஊர் ஊராகப் போன ஹெர்குலிஸ் வண்டிகள் பந்தயக் குழாயில் செய்தவை அல்ல. கனத்த சாதாரண எஃகு. மூட்டுக்கு மூட்டு லக் என்ற இணைப்பு உறை வைத்து, பித்தளை உருக்கி ஒட்டிய பிரேம். வண்டியின் எடை 20 கிலோவை ஒட்டி வரும். சாய்வான போர்க், நீண்ட உடல், அகன்ற 28 அங்குலச் சக்கரம் மூன்றும் மண் சாலையின் குலுக்கலை விழுங்கின. பாரம் ஏற்றுவோருக்கென்று இரட்டைப் பார் வண்டியும் வந்தது. எங்கே விண்டாலும் பக்கத்து ஊர் கேஸ் வெல்டிங் கடையில் பற்றவைத்துக்கொள்ளலாம். பந்தய வண்டிகள் பலவற்றுக்கு இந்த வசதி இன்றும் இல்லை.

இதே வண்டியில்தான் ஊர்த் திடல்களில் இரவு பகலாகக் கால் தரையில் படாமல் வட்டமிடும் சைக்கிள் வித்தை நடந்தது. குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓட, வித்தைக்காரர் வண்டியில் இருந்தபடியே குளிப்பார், சாப்பிடுவார், கடைசி நாளில் டியூப் லைட் உடைப்பார். தமிழ்நாட்டின் முதல் நெடுநேர மிதிவண்டி ஓட்டம் இதுவே என்று சொல்ல இடமுண்டு. அச்சில் வந்த பதிவு மிகக் குறைவு. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் போட்டி குறுந்தூரமே. ஆயினும் அதில் சாதாரண கைப்பிடி கொண்ட இந்தியத் தயாரிப்பு வண்டிக்குத்தான் அனுமதி.

மரக்காணம், கிளியனூர் வழிகள்

பாரிஸ் ஆடக்ஸ் கழகத்தின் விதிப்படி நடக்கும் பிரவே என்ற கெடு நேர ஓட்டங்கள் இந்தியாவில் பரவியது 2010-க்குப் பிறகு. 200 கி.மீ.க்கு 13½ மணி, 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி கெடு. இது பந்தயமன்று, முந்தியவருக்குப் பரிசு கிடையாது. சோதனை நிலையம் தவிர வேறெங்கும் வெளியுதவி பெறக் கூடாது என்பது 1891-இன் எச்சம். சென்னையில் மெட்ராஸ் ராண்டனர்ஸ் குழுவினர் இவற்றை நடத்துகிறார்கள். 2019 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் இந்தியர் 300-க்கு மேல் கலந்துகொண்டனர்.

கிழக்குக் கடற்கரைச் சாலை 2002-இல் சுங்கச் சாலையானது. மேடு பள்ளம் குறைவு. பிரேமுக்கு இங்கே எதிரி உப்பு. எஃகு பெரும்பாலும் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது: இருக்கைத் தண்டு வழியாக இறங்கும் நீர் அடியில் மிதியின் அச்சு சுழலும் பி.பி. கூட்டில் தேங்கும், வெளிப் பெயின்ட் பளபளவென்றே இருக்கும். கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் அதில் செருகிய அலுமினியம் உப்பீரம் பட்டால் அரித்து, பிரித்தெடுக்க முடியாமல் இறுகிவிடும். சைக்கிளில் உப்பு விற்கிறவர்கள் கேரியரில் சாக்கின் அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, பாரில் பழைய டியூப்பைக் கிழித்துச் சுற்றி, செயினுக்குக் கழிவு ஆயில் பூசுவது இதற்கெல்லாம் எளிய மருந்து.

கிளியனூர் வழி நான்குவழிச் சாலை. அதன் தொல்லை வேறு: வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி, ஓரத்துச் சரளை, அடுக்கடுக்கான வேகத்தடைக் கோடுகள். இரவில் 30 கி.மீ. வேகத்தில் அந்தக் கோடுகள் மேல் ஏறினால் அதிர்வு முதலில் கையிலும் பிறகு போர்க்கிலும் தெரியும். எஃகுக்குத் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அதற்குக் கீழான அதிர்வு எத்தனை முறை வந்தாலும் களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை, சிற்றதிர்வும் கணக்கில் சேரும். ஆகவே 23 மி.மீ. டயரை விட்டு 28, 32 மி.மீ.க்கு மாறுவோர் அதிகம். பிரேமின் உலோகத்தைவிட டயரின் அகலமே முக்கியம் என்ற வாதமும் உண்டு. எஃகுப் பிரியர்கள் ஒப்புவதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் மாமல்லபுரம்–மரக்காணம்–புதுச்சேரிப் பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்ற எண்ணில் நான்கு வழியாக விரிவாக்கத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.