செஞ்சியில் மொழி பயிலல்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, முற்றுகைகளின் ஊராகவே வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், உருது, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பல மொழிகள் அதிகாரத்தோடும் படையோடும் வந்து தங்கிய ஊர் அது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அங்கே ஆள வந்தவர்களுக்கும் ஆளப்பட்டவர்களுக்கும் மொழி பயில்வது பிழைப்போடு சேர்ந்த வேலையாக இருந்தது. இந்த வரலாறு கல்வெட்டு, ஓலைச்சுவடி, அகராதி, நாட்குறிப்பு ஆகியவற்றில் சிதறிக் கிடக்கிறது.

இதன் மிகப் பழைய தடயம் ஊருக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருக்கிறது. அங்குள்ள பாறையில் இருபத்து நான்கு சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் உள்ளது. எழுத்து வரலாற்றில் இது முக்கியமான கல்வெட்டு. ‘ஐ’ என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று இதில்தான் காணப்படுகிறது. சமணத் துறவிகளுக்குப் பிராகிருதம் சமயமொழி. துறவி உயிர்நீத்த இடத்தைக் குறிக்கும் அவர்களின் சொல்லான ‘நிசீதிகை’ இந்தத் தமிழ் வாசகத்துக்குள் இயல்பாக வந்து அமர்ந்திருக்கிறது. செஞ்சி வட்டத்தில் உள்ள மேல்சித்தாமூர் சமண மடம் இந்த மரபைப் பிற்காலத்திலும் காத்தது. அங்கே தமிழ்ச் சுவடிகளோடு கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடிகளும் பேணப்பட்டன.

விஜயநகர அரசின் கீழ் ஆண்ட நாயக்கர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1590களின் இறுதியில், நிக்கோலஸ் பிமெந்தா என்னும் இயேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்து அரசரைச் சந்தித்தார். லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலின் எந்த நகரமும் செஞ்சிக்கு ஈடாகாது என்பது அவர் கருத்து. அவர் சார்ந்த சபை, போகும் நாட்டின் மொழியை முதலில் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தது. அதனால்தான் 1578-இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியது. பிமெந்தா செஞ்சிக்கு வந்துபோன அதே ஆண்டுகளில், 1599-இல், ரோமில் குரோவாசிய மொழியைப் பாதிரிகளுக்குக் கற்பிக்க ஒரு கல்விக்கழகத்தை இந்தச் சபை தொடங்கியது. அதற்காக பர்த்தோல் காசிச் எழுதிய நூல் 1604-இல் வெளியானது. குரோவாசிய மொழியின் முதல் அச்சு இலக்கணம் அதுவே. தமிழுக்கு இதே சபையின் அன்றிக்கே அன்றிக்கஸ் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இலக்கணம் எழுதிவிட்டார். பாதிரியார்களின் நோக்கம் சமயம் பரப்புவது. ஆனாலும் பேச்சு வழக்கை அன்னியர் கற்கும் வகையில் விதிகளாக வகுத்தது மொழிகளுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம்.

1649-இல் பீஜப்பூர் சுல்தானியம் கோட்டையைப் பிடித்ததும் அலுவலகக் கணக்கில் பாரசீகம் நுழைந்தது. 1677-இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றினார். கர்நாடகப் பகுதியின் ஆட்சிப் பொறுப்பு ரகுநாத நாராயண ஹணுமந்தேயிடம் வந்தது. இவர் பெயரில் வழங்கும் ‘ராஜவ்யவஹார கோசம்’, அரசு அலுவலில் புழங்கிய பாரசீக, அரபுச் சொற்களுக்கு வடமொழி நிகர்ச்சொற்கள் தரும் அகராதி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உண்டு. கோட்டைக்கும் எழுத்துவேலைக்கும் தனித்தனிப் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சிவாஜியின் அவையில் ‘தபீர்’ என்றிருந்த பதவி ‘சுமந்தர்’ ஆனதும், ‘சர்நோபத்’ ‘சேனாபதி’ ஆனதும் இதே முயற்சியைச் சேர்ந்தவை. ஆணை பிறப்பிக்கும் மொழியை மாற்றுவதும் ஆட்சி மாற்றத்தில் அடக்கம் என்பதை அறிந்து செய்த வேலை இது. ஆனால் ஒரு தலைமுறை எழுத்தர்கள் பழகிய சொற்களை அகராதி ஒன்றினால் அகற்றிவிட முடியவில்லை. ஜமாபந்தி, தாலுகா, மிராசு முதலியவை இந்த வட்டாரத்தின் வருவாய்த்துறைப் பேச்சில் நிலைத்துவிட்டன.

1689 முதல் 1698 வரை சிவாஜியின் மகன் ராஜாராமின் தலைநகராக இருந்த ஆண்டுகளில் செஞ்சி மராத்திய அரசின் மையமானது. தொலைவிலிருந்த மகாராட்டிரத்துக்கு மராத்தி ஆணைகள் இங்கிருந்தே போயின. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் ராஜாராமிடமிருந்துதான் விலைக்கு வாங்கினார்கள். இத்தகைய பேரங்களை நடத்திக் கொடுத்தவர்கள் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள். ஒப்பந்தங்களில் அரசரும் ஆங்கிலேயக் கம்பெனித் தலைவரும் பெயர் பெற்றார்கள். இருவருக்கும் நடுவே நின்றவர்களில் பலருடைய பெயர்கூட எஞ்சவில்லை. இந்த இழப்பு பெரியது.

1698-இல் மொகலாயர் கோட்டையைப் பிடித்தபின் புந்தேலரான சொரூப் சிங் பொறுப்பேற்றார். அவர் மகன் தேஜ் சிங் 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது இறந்தார். வடநாட்டு மொழி பேசிய அந்த இளைஞரைத் தமிழ்க் கதைப்பாடல் தேசிங்கு ராஜனாக ஏற்றுக்கொண்டது. வென்றவரின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலில் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. தோற்றவர் தமிழ்ப் பாட்டில் இருக்கிறார்.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. அந்தக் காலத்துச் செய்திகளைப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிவைத்தார். பல மொழிகள் புழங்கிய அலுவலில் நாளெல்லாம் இருந்தவர், தன் நாட்குறிப்பைப் பேச்சுத் தமிழில் எழுதினார். பிற மொழிச் சொற்கள் அதில் தாராளமாகக் கலந்திருப்பதால், அன்று பல மொழி அறிந்த தமிழர் எப்படிப் பேசினார் என்பதை அறிய அதைவிட நல்ல சான்று இல்லை. 1761-இல் செஞ்சி ஆங்கிலேயர் வசமானது. அதன் படைத்துறை முக்கியத்துவம் அத்தோடு குறைந்தது.

இன்றும் செஞ்சி வட்டாரத்தில் வீட்டில் உருதும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டவர்களும் உண்டு. இவர்களின் பிள்ளைகள் இரண்டாம் மொழியைத் தெருவிலேயே பழகிக்கொள்கிறார்கள். மராத்திய ஆட்சியின் தடமும் மறக்கப்படவில்லை: 2025 ஜூலையில் ‘இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்’ என்னும் பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள், மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான்.