குறைமாதப் பிள்ளையும் தாயின் துயரும்

கருவுற்ற பெண்ணுக்குக் கைநிறைய வளையல் அடுக்கி, பலவகைச் சோறு ஆக்கிப் படைத்து, அவள் மனம் நோகாமற் காப்பது தமிழர் மரபு. கடல் கடந்து மலாயாவுக்கு வந்தவர்களுடன் வளைகாப்பும் வந்தது. அபிமன்யு வயிற்றிலிருந்தே வியூகம் கற்றான் என்னும் பாரதக் கதையை நம்பாதவரும், தாயின் கலக்கம் பிள்ளையைத் தொடும் என்பதில் ஐயங்கொண்டதில்லை. எவ்வழியாகத் தொடுகின்றது என்பதே நெடுங்காலம் விளங்காதிருந்தது.

புக்கிட் தெங்கா அமைந்துள்ள செபராங் பிறை, முன்னாளில் புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்டது. கரும்பும், பின்னர் ரப்பரும் அங்குத் தமிழரைக் குடியேற்றின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் வாளி சுமந்த பெண்களுள் நிறைமாதத்தாரும் இருந்தனர். 1941 டிசம்பரில் பினாங்கின்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்து வந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கணவன் திரும்புவானோ என்று அறியாமல், மரவள்ளிக் கிழங்கை உண்டு லயத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் பலர். அவர்தம் மக்களைத் தொடர்ந்து ஆராயும் பெரு முயற்சி எதுவும் எழவில்லை.

ஆலந்து நாட்டில் எழுந்தது. 1944 நவம்பர் முதல் 1945 மே வரை அந்நாட்டின் மேற்குப் பகுதியைப் பஞ்சம் வாட்டிற்று. பிறப்புப் பதிவேடுகள் பழுதின்றி இருந்தமையால், அக்காலத்துக் கருவிலிருந்தோரை முதுமை வரை தொடர முடிந்தது. ஐம்பது வயதைக் கடந்த அவர்களைக் கூட்டத்தின்முன் பேசச்செய்வது போன்ற நெருக்கடிச் சோதனைகளுக்கு உட்படுத்தியபோது, கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைக் கண்டோரின் இரத்த அழுத்தம் மற்றவரினும் மிகுதியாக உயர்ந்தது. இம்முடிவு 2006இல் வெளிவந்தது. அறுபது ஆண்டுக்கு முந்திய பசியை உடல் மறக்கவில்லை!

வழியைக் காட்டியவை ஆட்டுக்குட்டிகள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவர் லிகின்ஸ், மகப்பேறு எதனால் தொடங்குகிறது என்று ஆராய்ந்தவர். கருவிலிருக்கும் குட்டிக்குக் கார்டிசால் என்னும் சுரப்புநீரைச் செலுத்தியதும் ஆடு முன்னதாகவே ஈன்றது. நுரையீரல் முதிராமையால் இறந்திருக்க வேண்டிய குட்டி மூச்சுவிட்டது. அச்சத்திலும் பசியிலும் உடலில் பெருகும் நீரும் இதுவே. பேற்றைத் துரிதப்படுத்துவதும், வெளிவரும் பிள்ளையை மூச்சுக்கு ஆயத்தம் செய்வதும் இதுவே. லிகின்சும் ஹௌவியும் 282 தாய்மாரிடம் இவ்வினத்து மருந்தொன்றைச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெறாதோரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 மூச்சுத்திணறல் நோய்க்கு ஆளாயின. பெற்றோரின் குழந்தைகளில் 9 மட்டுமே. இன்று உலகெங்கும் குறைமாதப் பேற்றுக்குமுன் இம்மருந்து தரப்படுகிறது.

நன்மை செய்வது அளவு மீறினால் என்னாகும்? தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்கிறது. இயற்கை இட்ட அரண் அது. உணவு குறையும்போது இவ்வரண் தளர்வதை எலிகளில் கண்டனர். கடந்து வரும் நீர், உருவாகிக்கொண்டிருக்கும் மூளையின் நரம்புகளை அடைகிறது. குறைமாதப் பிள்ளைக்கோ இருமடங்குச் சோதனை: கருவில் ஒன்று, வெளியே வெளிச்சமும் ஓசையும் ஊசியுமாக மற்றொன்று. குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கையில் அதன் இதயத்துடிப்பு ஏறுகிறது, முகம் சுருங்குகிறது. முன்பே துயர் கண்ட கருவின் விடை ஓர் ஆய்வில் மிகையாகவும் மற்றோர் ஆய்வில் மந்தமாகவும் காணப்படுகிறது. மந்தமான விடையை அமைதி என்று கொள்வது பிழை. களைத்த நரம்பும் அழாது. வகுப்பில் ஓசைக்குத் திடுக்கிடும் பிள்ளையையும், எதற்கும் அசையாப் பிள்ளையையும் ஆசிரியர் கண்டிருப்பர். இருவரையும் ‘மக்கு’ என்று ஒதுக்கிய காலமும் உண்டு.

ஆயினும் தாயின் துயரை ஊழாக்கிவிடலாகாது. ‘நீ அழுததால் வந்தது’ என்று அவள்மேல் பழி சுமத்துவது அதனினும் கொடிது. மலாயாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், போர்க்காலத்தில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தார். சிறையில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் உண்டன, 20ம் பிழைத்தன என்பது அவர் தந்த கணக்கு. அதனினும் துயர் மிகுந்த இடம் ஏது? 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் வெப்பப் பெட்டிகள் போதாதபோது, எட்கார் ரே என்னும் மருத்துவர் குறைமாதப் பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை எனும் இதனால் துடிப்பும் மூச்சும் சீர்ப்படுகின்றன; ஊசி குத்தும்போது வலியின் குறிகளும் தணிகின்றன.

அணைத்திருக்கத் தாய்க்கு நாள் வேண்டுமே! மலேசியத் தொழிற்சட்டம் நெடுங்காலம் 60 நாள் பேறுகால விடுப்பு அளித்தது. 2023 ஜனவரி முதல் அது 98 நாளாயிற்று. 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு நிறைமாதமாகிய 40 வாரத்தை எட்ட இன்னும் 84 நாள் தேவை. அதுவரை மருத்துவமனையிலேயே இருக்க நேர்ந்தால், பிள்ளை வீடு வந்தபின் தாய்க்கு எஞ்சுவது 14 நாள்.